பாதுகாப்பு வாரத்துத் துப்பாக்கி

என் மகன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு ஊழியர்களின் குடும்பத்தாரைத் துப்பாக்கி சுட அழைத்துப் போனார்கள். இதை நான் கற்பனை செய்யவில்லை. அந்த அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. வாகன உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்ற இரண்டே வார்த்தைகளில் ஒரு ஆயுளைக் கழித்தவன் நான்.

அவர்கள் அந்த முடிவுக்கு வந்ததில் ஒரு நியாயமும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எலுமிச்சம்பழ ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். கரண்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடிய கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். விபத்தில்லாமல் கழிந்த நாட்களைக் காட்டும் பலகை ஒன்று தொழிற்சாலை வாசலில் இருக்கிறது. அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதற்கும் முந்தைய ஆண்டு கயிறு இழுக்கும் போட்டி. அதில் கயிறு அறுந்து, பதினாறு பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். ஆகவே இந்த முறை யாரும் ஓடாத, இழுக்காத, குனியாத விளையாட்டு ஒன்றைத் தேடினார்கள். தண்டலத்தில், கல்லூரிகளுக்குப் பின்னால், ஒரு பழைய கிடங்கில் காற்றுத் துப்பாக்கி சுடும் இடம் புதிதாகத் திறந்திருந்தது. அங்கே ஆள் அசையவே கூடாதாம். பாதுகாப்புக் குழுவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்தக் குழுவை நடத்தும் பாதுகாப்பு அதிகாரி என் மகன்தான்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அவன் வேலை. வேலையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. இவன் வீட்டுக்குக் கொண்டு வருகிறவன். எங்கள் வீட்டு மாடிப்படியின் ஓரங்களில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கும். சமையல் அறையில் தீயணைப்பான் ஒன்று, கூடத்தில் ஒன்று, குளியலறைக்கு வெளியே ஒன்று என்று மூன்று. உப்பு ஜாடிக்கும் சர்க்கரை ஜாடிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினான். இத்தனை ஆண்டுகளில் இரண்டையும் ஒரு தடவைகூட மாற்றிப் போட்டிராத என் மனைவி, அதற்கப்புறம் ஒரு தடவை மாற்றிப் போட்டாள்.

துப்பாக்கி விஷயத்துக்கு முன்னால் மொபெட் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எதிர் வீட்டுக்காரம்மாள் தன் வாசலில் பூந்தொட்டிகள் வைத்திருந்தார். நான் மொபெட்டில் வந்து திரும்பும்போது மூன்று தொட்டிகள் உடைந்தன. சரியாகச் சொன்னால் இரண்டு. மூன்றாவது தொட்டியில் ஏற்கனவே விரிசல் இருந்தது, அதை நான் முன்பே கவனித்து வைத்திருந்தேன். யாருக்கும் அடியில்லை. அன்று மாலையே என் மகன் விசாரணை வைத்தான். அவர்கள் தொழிற்சாலையில் ஒரு முறை இருக்கிறது. என்ன நடந்தாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் வந்துவிடுமாம்.

"ஏம்ப்பா இடிச்சது?"

"தொட்டி வழியில இருந்துச்சு."

"தொட்டி ரெண்டு வருஷமா அங்கதான கீது. ஏன் இன்னிக்கி இடிச்சது?"

"பிரேக் நிக்கல."

"ஏன் நிக்கல?"

"நின்னுச்சு. கொஞ்சம் லேட்டா நின்னுச்சு."

"ஏன் லேட்டு?"

"கை லிவர் மேல சரியா உக்காரல."

"ஏன் உக்காரல?"

ஐந்தாவது ஏனுக்கு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். "கை ஆடுது, அதான். இன்னும் எத்தினி ஏன் கேப்ப? எனக்கு மொத ஏன்லயே தெரியும்."

கை ஆடுகிறது என்பது மிகைப்படுத்தல். வலது கை மட்டும். அதிலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்போதுதான். மருத்துவர் பார்த்துவிட்டு, வயதானால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். என் மகன் மருத்துவரிடம் ஐந்து ஏன் கேட்டான். அவர் இரண்டாவதிலேயே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் மொபெட்டின் கைப்பிடியில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது. அதோடு ஒரு அட்டை: 'அபாயம். இயக்காதே. பூட்டியவர் மட்டுமே திறக்க வேண்டும்.' பழுது பார்க்கும்போது இயந்திரங்களுக்கு மாட்டுகிற அட்டை அது. அதில் பூட்டியவரின் புகைப்படம் ஒட்டவும் இடம் விட்டிருப்பார்கள். என் மகன் தன் படத்தை ஒட்டியிருந்தான். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், என் மொபெட்டிலிருந்து என் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இதில் எனக்கு என்ன போயிற்று என்று சிலர் கேட்கலாம். எங்கள் குடியிருப்பு ஒரகடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆறு வழிச் சாலைகள். கார் இல்லாத மனிதன் ஒருவன் இந்தப் பக்கம் இருப்பான் என்று அவற்றைப் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. நடந்து கடக்க இடம் கிடையாது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நான் ஒரு முறை நாற்பத்திரண்டு வரை எண்ணிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். சாலைக்கு அந்தப் பக்கம், வடக்குப்பட்டு திருப்பத்தில், ஒரு டீக்கடை. காலையில் அங்கே ஓய்வு பெற்றவர்கள் ஐந்து பேர் கூடுவோம். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு இரண்டும். நாலாவது ஆளுக்கு ஒரு நோயும் கிடையாது, அதனால் அவர் பேசுவதே இல்லை. ஐந்தாவது நான். போகிற வழியில் ஏழு பள்ளங்கள். மொபெட்டைப் பூட்டிய பிறகு அவற்றில் எத்தனை மூடப்பட்டன, புதிதாக எத்தனை பிறந்தன என்று தெரியாமல் போயிற்று. இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் எதையும் எண்ணிப் பழகாதவர்கள்.

என் மகன் எங்களைக் காரில் அழைத்துப் போகாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெல்ட் கட்டி, ஏசி போட்டு, ஆராதனை தொடங்குமுன் சபை வாசலில் இறக்கி, முடிந்ததும் ஏற்றிக்கொள்வான். இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் குறை.

துப்பாக்கி சுடப் போகும் செய்தியை அவன் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான். மருமகள் அந்த வாரம் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், எனவே இந்த வழக்கில் அவளுடைய சாட்சியம் இல்லை. நான் கேட்டேன்.

"கை ஆடுறவன் குறி பாத்து சுட முடியுமா?"

"எப்டிப்பா முடியும்?"

"அப்போ ஒருத்தன் சுட்டுட்டான்னா?"

அவன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான். சொல்கிறேனே, இவன் என் பிள்ளை. அளவு ஒன்று சொன்னால் மறுக்க மாட்டான். "பத்து குண்டு குடுப்பாங்க. கறுப்பு வட்டத்துக்குள்ள எட்டு போனா ஒத்துக்கிறேன்" என்றான். நான் ஐந்து என்றேன். ஏழில் முடிந்தது. ஏழு போனால் பூட்டு கழற்றப்படும், போகாவிட்டால் மொபெட் விற்கப்படும்.

"இன்னாடா இது, வூட்டுக்குள்ள ஏலம் வுட்டுகினு" என்றாள் என் மனைவி. ஆனால் சாட்சியாக இருக்க ஒப்புக்கொண்டாள்.

இப்படித்தான் நான் வாழ்க்கையில் முதன்முறையாகத் துப்பாக்கி சுடத் தயாரானேன். தயாராவது எப்படி என்பது இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார் என்றால் தரையில் மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்போம். ஓடாத மின்விசிறியைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு வாசகப் பலகையை மாட்டுவோம். அளவு தப்பியதால் கழித்த பாகங்களை ஒரு வேனில் ஏற்றி, தணிக்கை முடிகிற வரை ஊரைச் சுற்றி வரச் சொல்லி அனுப்புவோம். நான் இருந்த இடத்தில் ஒரு தடவை வேன் டிரைவருக்குப் பசி எடுத்து ஓட்டலில் நிறுத்திவிட்டார். உள்ளே போனால், அடுத்த மேசையில் தணிக்கைக்காரர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இந்த மரபில் வந்தவன் நான். கையைச் சரி செய்வது எப்படி என்று நான் யோசிக்கவே இல்லை. கை ஆடுவது யாருக்கும் தெரியாமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன்.

முதல் வேலையாக, கழித்த பாகங்களை அப்புறப்படுத்தினேன். டம்ளரில் பாதிக்கு மேல் எதையும் ஊற்றக் கூடாது என்றேன். ரசத்தை நிறுத்திவிட்டு இட்லி, தோசை, சப்பாத்தி என்று கெட்டியான பொருட்களுக்கு மாறினேன். செய்தித்தாளைக் கையில் பிடிக்காமல் மேசையில் விரித்துப் படித்தேன். என் சட்டைக்கு ஆறு பொத்தான்கள். அவற்றில் மேல் இரண்டை மட்டும் கழற்றி, தலைவழியாக மாட்டிக்கொண்டேன்.

"இன்னாங்க, சட்டைய பனியன் மாதிரி மாட்டிக்கினு?" என்றாள் மனைவி.

"இஸ்திரி கலையாது."

"உள்ள இருக்கறவரு கலைஞ்சி போயிட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்ததாகப் பயிற்சி. எங்கள் குடியிருப்பு வாசலில் காவலுக்கு இருப்பவர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்தவர். மீசையைப் பார்த்தால் இரண்டு போரையாவது முடித்து வைத்தவர் என்று தோன்றும். அவரிடம் போய் வழி கேட்டேன்.

"மூச்சுதாம் சார் எல்லாம்" என்றார். "பாதிய விட்டுட்டு, மீதிப் பாதிய உள்ள வச்சிக்கிடணும். அப்பதாம் குண்டு சொன்ன பேச்சுக் கேக்கும்."

"பாதின்னா எவ்வளவு? எத வெச்சு அளக்கிறது?"

"ஏ என்ன சார் நீங்க, பாதின்னா பாதிதான்லா."

"கொஞ்சம் கூடக்குறைய இருந்தா?"

"எதிரி தப்பிச்சிருவான்."

டீயை நிறுத்த வேண்டும், அது கையை ஆட்டும் என்றும் அவர்தான் சொன்னார். நான் தினம் ஐந்து டீ குடிப்பவன். ஐந்தையும் நிறுத்தினேன். டீ நின்றதும் தலை வலித்தது, தலை வலித்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் கை அதிகமாக ஆடியது. இதை அவரிடம் போய்ச் சொன்னேன். "அது ஆரம்பத்துல அப்பிடித்தாம் சார் இருக்கும், பொறவு பழகிரும்" என்றார். ராணுவத்தில் எத்தனை தடவை சுட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். அது ரகசியம் என்றார். தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு மதியம் மறுபடி கேட்டதில் உண்மை வந்தது. பயிற்சிக் காலத்துக்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. சாமான் கிடங்கில் கம்பளி எண்ணிக் கொடுக்கிற வேலை. நான் அதற்காக அவரைக் குறைவாக நினைக்கவில்லை. எண்ணிக் கொடுப்பதும் ஒரு வேலைதான். ஆனால் அதற்குள் நான் பாதி மூச்சை நம்பித் தலைசுற்றலில் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கிக்குப் பதில் குடை. குடையின் முனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, மொட்டை மாடியில் நின்று, வளைந்த பிடியைத் தோளில் வைத்துக் குறி பார்ப்பேன். குறிக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே. எதிர் வீட்டு வாசல் சரியான தூரத்தில் இருந்தது. அங்கே புதிதாக வாங்கி வைத்த தொட்டிகள் நாலு, வரிசையாக, ஒரே அளவில் இருந்தன. அந்த அம்மாள் வெளியே வந்து மேலே பார்த்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டார்.

"யக்கா! ஒடச்சது பத்தாதுன்னு உங்க வூட்டுக்காரரு இப்போ குறி வெச்சிகினு கீறாரு!"

"அது குடைம்மா" என்றாள் என் மனைவி.

"மழையே காணோம், இன்னாத்துக்கு குடை?"

"வெயிலுக்குப் புடிக்கிறாரு."

"வெயிலுக்கு எவனாச்சும் படுக்க வெச்சிப் புடிப்பானா?"

என் மனைவி உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாள் நாலு தொட்டிகளையும் உள்ளே எடுத்துப் போனார். அதற்குப் பிறகு நான் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் குறி பார்த்தேன். அது நகரவில்லை. குடையின் முனை நகர்ந்தது. பாட்டில் ஊஞ்சல் ஆடியது. நான் ஏழு என்று ஒப்புக்கொண்டது தவறு, மூன்று என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

என் மகனும் அவன் பங்குக்குத் தயாரானான். காற்றுத் துப்பாக்கி சுடுவதில் உள்ள அபாயங்களைப் பட்டியலிட்டுக் குடும்பங்களுக்கு அனுப்பினான். மொத்தம் பதினேழு அபாயங்கள். வழுக்கி விழுதல், காது அடைத்தல், குண்டில் உள்ள ஈயம் கையில் ஒட்டுதல் என்று போய், பதினோராவது அபாயம் 'வயதானவர்கள்' என்று இருந்தது. வயதானவர்களுக்கு என்ன ஆகும் என்று இல்லை, வயதானவர்கள் என்று மட்டும். வருகிறவர்கள் அனைவரும் பாதுகாப்புக் காலணி, கண்ணாடி, ஒளிரும் மேல்சட்டை அணிய வேண்டும் என்று கடைசியில் இருந்தது. என் பழைய இரும்பு முனைக் காலணியைப் பரணிலிருந்து இறக்கினேன். அடிப்பாகம் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. மகன் புதிது ஒன்று கொண்டுவந்து கொடுத்தான்.

போவதற்கு முந்தின நாள் ஜெபத்தில் என் மனைவி, "ஆண்டவரே, இவரோட கையை உம்ம கையில குடுக்கிறேன்" என்றாள். யார் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபித்தாய் என்று பிறகு கேட்டேன். "அது அவருக்குத் தெரியும்" என்று விளக்கை அணைத்தாள்.

கம்பெனி பஸ்ஸில் முப்பத்தொரு பேர் போனோம். தண்டலத்தில் அந்தக் கிடங்கு வாசலில், முப்பத்தொரு பேரும் ஆரஞ்சு நிற மேல்சட்டையோடும் கனமான காலணிகளோடும் இறங்கினோம். பயிற்சி கொடுக்கும் பெண் வெளியே வந்தார். சின்ன வயது. சாதாரண சட்டை, சாதாரண கேன்வாஸ் ஷூ.

"ரோடு வேலைக்கு வந்தீங்களா? அதுக்குப் பின்னாடி கேட்ல போங்கண்ணா" என்றார்.

என் மகன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அந்தப் பெண் எங்களை ஒரு முறை முழுதாகப் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, உள்ளே அழைத்துப் போனார். நீளமான கூடம். ஒரு முனையில் மேசைகள், பத்து மீட்டர் தள்ளி மறுமுனையில் சதுர அட்டைகள். அட்டையின் நடுவில் கறுப்பு வட்டம். அதை நான் பெரிதாக நினைத்துவிட்டிருந்தேன். ஒரு மெதுவடையின் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். என் பாதி மூச்சு அங்கேயே முழுசாகப் போய்விட்டது.

அந்தப் பெண் மூன்று விதிகள் சொன்னார். துப்பாக்கிக் குழாய் எப்போதும் அட்டையைப் பார்த்தே இருக்க வேண்டும், தான் சொல்லும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது, முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். என் மகன் அதோடு மேலும் ஒன்பது விதிகளைச் சேர்த்தான். நெருப்புப் பிடித்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டினான். "சார், இது காத்துலதான் சுடுது" என்றார் அந்தப் பெண். அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

என் பெயர் வந்தது. மேசைக்குப் போனேன். மேசையில் துப்பாக்கி இருந்தது. அதன் முன்பாகம் ஒரு சின்ன இரும்புத் தாங்கியின் மேல், திருகு வைத்து உயரம் சரி செய்யப்பட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாற்காலியும் போட்டிருந்தார்கள்.

"கையில பிடிக்க வேண்டாமாம்மா?" என்றேன்.

"புதுசா வர்றவங்களுக்கு ஸ்டாண்ட்தான் தாத்தா. அதுவுமில்லாம உங்க சார்தான் கண்டிப்பா வேணும்னு எழுதி அனுப்பிச்சாரு. குழாய் அந்தண்ட இந்தண்ட திரும்பிடக் கூடாதாம்."

நான் திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் கதவோரத்தில் தீயணைப்பானின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எனக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மாதிரி ஆள் இல்லை அவன். பாதுகாப்புக்காக அவன் போட்ட விதி, பாதுகாப்புக்காக அவனே வைத்த சோதனையைச் சாப்பிட்டுவிட்டது. அதை அவன் கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன். துப்பாக்கியின் எடை முழுவதையும் இரும்பு தாங்குகிறது. என் இடது கைக்கு வேலை இல்லை. வலது கை மேசையில் அழுந்திக் கிடக்கிறது, ஒரு விரல் மட்டும் அசைய வேண்டும். இந்தச் சோதனை அளப்பது தாங்கியின் உறுதியை. அதில் கை ஆடுகிறதா என்று எப்படித் தெரியும்? வேறு யாராவது இப்படி அளந்துகொண்டு வந்திருந்தால் நான் கருவியையும் ஆளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சிவப்புப் பூட்டும் அதில் ஒட்டிய படமும் ஞாபகத்துக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்து குண்டுகளில் எட்டு கறுப்பில் போயின. ஒன்று வெள்ளையில். ஒன்றைக் காணவில்லை. அட்டையைக் கையில் வாங்கி, ஓட்டைகளை இரண்டு தடவை எண்ணினேன்.

மகன் ஓடி வந்தான். ஓடக் கூடாத இடத்தில் ஓடி வந்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். "எட்டுப்பா! எட்டு!" என்றான். அவன் முகத்தில் தோற்றவனின் சாயலே இல்லை. நான் நினைத்ததைவிட அதிகமாக அவன் இதற்கு ஆசைப்பட்டிருக்கிறான் போலிருக்கிறது. அட்டையைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். 'பிரச்சினை முடிக்கப்பட்டது' என்று கீழே எழுதினான். மருமகள் கை தட்டும் படங்கள் ஆறு அனுப்பினாள்.

எல்லோரும் கை கழுவி முடித்ததும் டீ கொடுத்தார்கள். நான் ஜெயித்தவன். டீயைப் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது என் நாக்குக்குத்தான் தெரியும். தட்டிலிருந்து எடுத்தேன். மெல்லிய காகிதக் கப், விளிம்புவரை நிரம்பியது. பாதி டம்ளர் விதியை நான் மறந்தேபோனேன். கப் கைக்கு வந்ததும் கை தன் வேலையைத் தொடங்கியது. டீ தளும்பியது, முதலில் விரலில், பிறகு மணிக்கட்டில், பிறகு இடது கையிலிருந்த அட்டையில். ஒன்பது ஓட்டைகள் வழியாகவும் டீ ஒழுகியது.

மகன் அந்தப் பக்கம் திரும்பி நின்று, பஸ்ஸில் ஏறுகிறவர்களின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பார்த்தது ஒரே ஆள். என் மனைவி எழுந்து வந்து, கப்பை வாங்கி மேசையில் வைத்தாள். முந்தானையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அட்டையையும் துடைத்தாள்.

"ஸ்டாண்டு மேல வெச்சில்ல சுட்டீங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"நான் பாத்துகினுதான் இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்ன சொல் தவறாமல் பூட்டைக் கழற்றினான். அட்டையிலிருந்த தன் படத்தைப் பிய்த்து எடுத்தான். மொபெட் சாவியை என்னிடம் நீட்டினான். நடுவில் ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

"சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"ஏம்மா? அவருதான் பாஸ் பண்ணிட்டாரே."

"பண்ணாரு. இன்னான்னா, அவரு போறப்பல்லாம் நானும் பின்னாடி உக்காந்துகினு வரேன். மெயின் ரோட்ட குறுக்க வெட்டக் கூடாது, பாலத்துக்கு அடியில சுத்திகினுதான் போணும். லாரி வந்தா ஓரமா நிக்கணும்."

"ஏன்?" என்றான் மகன்.

"வூட்லயே எத்தினி நாளு ஒக்காந்துகினு இருக்கறது? எனக்கும் காத்தாட போவணும்."

அவன் இரண்டாவது ஏனைக் கேட்க வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். நானும் வாதாடவில்லை. வாதாடினால் டீக் கதை வெளியே வரும். தொழிற்சாலையில் எங்களிடம் மூன்று சீட்டுகள் இருந்தன. பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் கழித்தது. அளவில் கொஞ்சம் தப்பியிருக்கிறது, ஆனால் உற்பத்தி நிற்கக் கூடாது என்றால் மஞ்சள். நிபந்தனையோடு ஏற்றுக்கொள்வது. எத்தனையோ பாகங்களுக்கு நான் மஞ்சள் ஒட்டியிருக்கிறேன். ஒட்டும்போது அந்தப் பாகத்துக்கு எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

மறுநாள் காலையில் டீக்கடைக்குக் கிளம்பினோம். ஏழு பள்ளங்களைச் சரி பார்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பின்னாலிருந்து அவள் ஒவ்வொன்றுக்கும் "பள்ளம், பள்ளம்" என்று முன்கூட்டியே கத்தியதிலும், பாலத்துக்கடியில் புது வழியாகச் சுற்றியதிலும் கணக்கு தப்பிப்போயிற்று. அவள் கை என் தோளில் இருந்தது. வலது தோளில். அழுத்திப் பிடித்திருந்தாள்.

கடையில் நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பேசாதவர்கூட ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது மாதிரி இருந்தது. காது கேட்காதவர் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். என் மனைவி உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்து வணக்கம் சொல்லி, சர்க்கரைக்காரரிடம் மாத்திரை போட்டாரா என்று கேட்டாள். அவர் போடவில்லை. போட வைத்தாள்.

"மாஸ்டர், எனக்கு ஒரு டீ" என்றாள். "இவருக்கு முக்கால் கிளாஸ்."

"முக்காலா? ஏன்க்கா?" என்றார் டீ மாஸ்டர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாலையைப் பார்த்து லாரிகளை எண்ணத் தொடங்கினேன்.

"ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது அவருக்கு" என்றாள் என் மனைவி. முக்கால் கிளாசை வாங்கி, என் கையில் கொடுக்காமல், பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைத்தாள்.